எழுத்து முடிந்தவர்கள்

என்னுடைய அறையின் திரைச்சீலை என்ன நிறம் என்று யோகராஜா அண்ணை மூன்றாவது தடவையாகக் கேட்டார். கிரிஜா மூன்றாவது தடவையும் தெரியாது என்றாள்.

"பச்சை எண்டு இப்பத்தானே சொன்னனான், பிள்ளை."

"நீங்கள் சொன்னியள். நான் காணேல்லை."

"கண்ட மாதிரிச் சொல்லவேணும். குறொய்டன் இமிகிரேசனிலை இதைத்தான் கேட்பினம். பிரஷ் என்ன நிறம், கட்டிலிலை ஆர் எந்தப் பக்கம், தேத்தண்ணிக்கு எத்தினை கரண்டி சீனி. ஒண்டு பிழைச்சாலும் உம்மடை மனிசன் கொழும்புப் பிளேனிலை."

"அவரின்ரை சீனி எனக்குத் தெரியும். ரெண்டரைக் கரண்டி. மிச்சம் தெரியாது."

ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் ஒரு சேலைக்கடைக்கு மேலே இருந்தது அண்ணையின் அறை. ஒரு போட்டோக்கொப்பி இயந்திரம், ஒரு ஃபாக்ஸ், கூரை வரைக்கும் ஃபைல்கள். ஊரில் கச்சேரியில், அதாவது அரசாங்கக் கந்தோரில், கிளாக்காக இருந்தவர். லண்டனில் எங்கள் ஆட்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பதுதான் அவருடைய தொழில். அன்றைக்கு எங்களுக்காகக் கழுத்துப்பட்டி கட்டி, மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரியாக உட்கார்ந்திருந்தார். 1996 ஒக்ரோபர், ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம். விசாரணைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. கிரிஜாவின் தாய் சிவனேஸ்வரி மாமி கீழே கடையில் கூறைச்சேலை பார்த்துக்கொண்டிருந்தார். மேலே நாங்கள் என்ன ஒத்திகை பார்க்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தக் கழுத்துப்பட்டியைப் பிடித்தே அண்ணையைப் படிக்கட்டு வழியாகக் கீழே இழுத்திருப்பார்.

நான் கிரிஜாவைக் கட்டியது கடதாசிக்காக என்று அப்போது பலர் சொன்னார்கள். அவர்களோடு நான் சண்டைக்குப் போனதில்லை. தொடக்கத்தில் அது உண்மைதான். 1987இல் மாணவர் விசாவில் வந்து, ஒரு பொலிரெக்னிக்கில் இலத்திரனியல் படித்து, இரண்டாம் வருடத்தில் நின்றுவிட்டேன். யாரும் என்னை வெளியே போடவில்லை. ஒரு காலையில் எழும்பினேன், போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. பிறகு அகதி விண்ணப்பம், பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை, வருடக்கணக்கில் காத்திருப்பு, கடைசியில் நிராகரிப்புக் கடிதம், அப்பீல், அதற்கும் நிராகரிப்பு. முப்பத்திரண்டு வயதில் பெற்றோல் நிலையத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த என்னிடம் படிப்பு இல்லை, விசா இல்லை, சாதகத்தில் செவ்வாய் தோசம் மட்டும் குறையில்லாமல் இருந்தது. அந்தச் செவ்வாய்தான் உதவியது. கிரிஜாவுக்கும் செவ்வாய். பதினேழு வயதில் பெற்றோரோடு நெதர்லாந்துக்குப் போய், அங்கேயே படித்து, அந்த நாட்டுப் பிரஜையாகி, இரண்டு வருடங்களுக்கு முன்தான் குடும்பத்தோடு லண்டனில் டூட்டிங்குக்கு வந்திருந்தாள். அவளுக்கு இருபத்தொன்பது வயது. நைன் எல்ம்ஸ் பூச்சந்தையில் ஒரு மொத்த வியாபாரியிடம் வேலை. விடியுமுன்னே ஹொலண்டிலிருந்து லொறிகளில் வந்து இறங்கும் பூக்களை டச்சுச் சாரதிகளோடு டச்சில் சண்டை பிடித்து எண்ணி எடுப்பது அவள் பொறுப்பு.

முதன்முதல் நான் அவளைப் பார்க்கப் போன அன்று, பெரியவர்கள் எங்களை முன்னறையில் ஐந்து நிமிடம் தனியே விட்டார்கள். கதவு திறந்தே இருந்தது. சோபாவின் மற்ற அந்தத்தில் இருந்து அவள் சொன்னாள்: "எனக்கு அங்கை ஒரு டச்சுப் பொடியனோடை ரெண்டு வருசம் பழக்கம் இருந்தது. அம்மாவுக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியவேணும். உங்களுக்கு விசா இல்லை எண்டது எனக்குத் தெரியும். வேறை ஏதும் கிடக்கோ?" படிப்பை விட்டுவிட்டேன் என்றேன். ஏன் என்றாள். காரணம் ஒன்றும் இல்லை என்றேன். பொருளாதாரக் கஷ்டம், நாட்டுப் பிரச்சினை என்று அவிழ்த்துவிட எனக்கு நிறையக் கதைகள் தெரியும். அந்த முகத்துக்கு முன்னால் அவை வாயில் வரவில்லை.

எல்லாம் சரிவந்து தாலிகட்டுக்கு நாள் பார்க்கும் நேரத்தில், 1995 டிசம்பரில் அவளுடைய தகப்பன் மாரடைப்பில் போய்விட்டார். ஆண்டுத் திவசம் முடியும் வரை வீட்டில் நல்ல காரியம் இல்லை என்று மாமி சொல்லிவிட்டார். அதில் எனக்கு எதிர்ப்பு இல்லை. ஆனால் என்னுடைய அப்பீல் தோற்றது அதற்கு இடையில்தான். யோகராஜா அண்ணை ஓடிவந்து மாமியிடம் பேசினார். ஐரோப்பிய நாட்டுப் பிரஜை ஒருவர் இங்கே வந்து வேலை செய்தால், அவரைக் கட்டியவர் எந்த நாட்டவராக இருந்தாலும் கூட இருக்க உரிமை உண்டு, ஐந்து வருடத்துக்கு முத்திரை குத்திக் கொடுப்பார்கள், ஆனால் பதிவுத் திருமணம் நடந்திருக்க வேண்டும் என்றார். மாமி யோசித்தார். "எழுத்து வைக்கலாம்," என்றார். "அது கடதாசி. சாவுத் துடக்குக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் தாலி ஏறாமல் என்ரை பிள்ளை இந்த வாசலைத் தாண்டாது."

எங்கள் ஆட்களுக்கு இதில் விளக்கம் தேவையில்லை. எழுத்து என்றால் பதிவாளர் முன்னால் கையெழுத்து வைப்பது. எழுத்து முடிந்தவர்கள் சட்டப்படி புருசன் பெண்சாதி. ஊர்ப்படி இன்னும் இல்லை. தாலி கட்டும் வரைக்கும் அவரவர் வீட்டில் அவரவர். பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமைக் காலை பதிவு அலுவலகத்தில் நாங்கள் கையெழுத்து வைத்தோம். அரை மணித்தியாலம் கழித்து மாமி மகளைக் கூட்டிக்கொண்டு டூட்டிங்குக்குப் போனார். நான் ஈஸ்ட் ஹாமுக்கு வந்து படுத்துவிட்டு வேலைக்குப் போனேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் டூட்டிங் முன்னறையில் ஒரு மணி நேரம் சந்திப்போம். மாமி நடுவில் இருப்பார். மிச்சமெல்லாம் ரெலிபோன்தான். காலை ஐந்தரைக்குச் சந்தையில் வேலை கொஞ்சம் ஓயும்போது பெற்றோல் நிலையத்துக்கு அழைப்பாள். ஒரு பெட்டி ரோசா அழுகி வந்ததைப் பற்றி, ஒரு சாரதி கணக்குத் தப்பியதைப் பற்றிச் சொல்லுவாள். நான் வந்துபோன ஆட்களைப் பற்றிச் சொல்லுவேன். எனக்குச் சொல்ல ஒன்றுமே இல்லாத நாட்களில் "சரி, பேசாமல் இருங்கோ, நானும் தேத்தண்ணி குடிக்கிறன்" என்பாள். அவள் ஊதி ஊதிக் குடிக்கும் சத்தத்தை நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

பிழை எங்கே நடந்தது என்றால் விண்ணப்பப் படிவத்தில். கணவனின் விலாசம், மனைவியின் விலாசம் என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. அண்ணை இரண்டிலும் என்னுடைய ஈஸ்ட் ஹாம் அறையை எழுதினார். "எழுத்து, தாலி எண்டு வெள்ளைக்காரனுக்குப் பாடம் எடுக்கேலாது, தம்பி. கட்டினவை ஒரு வீட்டிலை இருப்பினம். அவங்களுக்கு அவ்வளவுதான் விளங்கும்." எனக்கு அது புத்திசாலித்தனமாகப் பட்டது. கையெழுத்து வைத்தேன். கிரிஜா தன் பக்கத்தில் கையெழுத்து வைக்கும்போது அந்தக் கட்டம் இன்னும் நிரப்பப்படாமல் இருந்தது. விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்த பிறகுதான் அவளுக்கு விசயம் தெரியும்.

அவள் கத்தவில்லை. ஹேக் நகரில் இருந்த ஒரு சட்ட ஆலோசனை நிலையத்துக்கு எழுதினாள். டச்சில் நான்கு பக்கத்துக்குப் பதில் வந்தது. அதைத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணையின் மேசையில் விரித்தாள். "இதிலை கிளியராப் போட்டிருக்கு, அண்ணை. ஒரு வீட்டிலை இருக்கவேணும் எண்டு சட்டம் இல்லை. கலியாணம் உண்மையா இருந்தால் போதும். இரண்டு விலாசத்தையும் உள்ளபடி சொல்லுவம்."

அண்ணை அந்தத் தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு எழுத்தும் அவருக்கு விளங்காது. "சட்டம் டச்சிலை கிடக்கட்டும், பிள்ளை. கேள்வி கேட்கப்போறது இங்கிலிஷ்காரர். நீர் ஒரு இடம், இவன் ஒரு இடம். ஏழு மாசமா ஒரு நாளும் ஒண்டாப் படுக்கேல்லை. இவனுக்கு விசா இல்லை. நீர் அந்தக் கதிரையிலை இருந்து பாரும். இதை நம்புவீரோ? போதாக்குறைக்கு ஃபோமிலை பொய் எழுதியிருக்கிறம் எண்டு வேறை நாங்களே சொல்லுறதோ?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் பிரச்சினை. உண்மை சொன்னால் பொய்க் கலியாணம் மாதிரி இருந்தது. பொய் சொன்னால் உண்மைக் கலியாணம் மாதிரி இருந்தது. நான் அண்ணையின் பக்கம் நின்றேன். அடுத்த நாள் காலை ஐந்தரைக்கு ரெலிபோனில் கேட்டேன்: "எனக்காக ஒருக்கால் சொல்லும். ஒரே ஒருக்கால்." சந்தையில் யாரோ தள்ளுவண்டியைக் கவிழ்த்துவிட்டு டச்சில் கத்தும் சத்தம் கேட்டது. அது அடங்கியதும், "சரி," என்றாள். அதற்குப் பிறகு திரைச்சீலை பச்சை, பிரஷ் நீலம், கட்டிலில் நான் சுவர்ப்பக்கம் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்புவித்தாள். பள்ளிக்கூடப் பிள்ளை வாய்ப்பாடு சொல்வது மாதிரி. ரெலிபோனை வைத்துவிட்டாள். அந்தக் கிழமை முழுவதும் அவள் அழைக்கவில்லை.

விசாரணைக்கு மாமியைக் கூட்டிக்கொண்டு போகவே கூடாது என்று அண்ணை திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். மாமியிடம் அதைச் சொல்ல யாருக்கும் துணிவு வரவில்லை. தாலி ஏறாத பிள்ளையை ஒரு ஆம்பிளையோடு தனியே குறொய்டன் வரைக்கும் ரெயினில் அனுப்புவதா என்று அவர் கேட்டிருப்பார். நான் வேலை முடிந்து, முகம் கழுவி, பெற்றோல் மணக்கிற கையோடு போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேரும் அந்த உயரமான கட்டடத்தின் வாசலில் வரிசையில் நின்றார்கள். மாமி கைத்தறிச் சேலைக்கு மேல் தடித்த கோட்டு, கையில் ஒரு பிளாஸ்க், கக்கத்தில் கைப்பை. காத்திருக்கும் மண்டபத்தில் மூன்று கதிரைகள் கிடைத்தன. மாமி நடுவில் இருந்தார்.

முதலில் கிரிஜாவைக் கூப்பிட்டார்கள். ஃபைலை எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் போனாள்.

"என்ன தம்பி கேட்பினம்?" என்றார் மாமி.

"சும்மா, பேர், விலாசம்."

"விலாசம் டூட்டிங்தானே. அதுக்கு ஏன் இவ்வளவு நேரம்?"

மாமி பிளாஸ்க் மூடியில் தேத்தண்ணி ஊற்றி நீட்டினார். "முகத்தைப் பாரும். பேயடிச்ச மாதிரிக் கிடக்கு. பயப்பிடாதையும். களவெடுத்தே வந்தனீர்?"

நாற்பது நிமிடம் கழித்து ஒரு அதிகாரி வந்து என் பெயரைச் சொன்னார். ஐம்பது வயதிருக்கும் பெண். குட்டையாக வெட்டிய நரைமுடி, பின்னல் சட்டை, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. கிரிஜா வேறு பக்கத்துக் கதவால் வந்து தூரத்தில் ஒரு கதிரையில் உட்கார்த்தப்பட்டாள். எங்களுக்கு இடையில் அந்தப் பெண் நின்றார். கிரிஜா என்னைப் பார்த்தாள். பூச்சந்தையில் சாரதிகளிடம் பேரம் பேசும்போது வைத்திருக்கும் முகம் அது. அதிலிருந்து எந்தச் சாரதியும் எதையும் கண்டுபிடித்ததில்லை. நானும் கண்டுபிடிக்கவில்லை.

அறைக்குள் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். எனக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். ஆனாலும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அண்ணை படிவத்தில் புள்ளடி போட்டிருந்தார். கேள்வியை இரண்டு தரம் கேட்டால் யோசிக்க நேரம் கிடைக்குமாம். "வணக்கம் சார். எனக்கு மதுரைப் பக்கம்," என்றார் அவர். "உங்க தமிழ் எனக்குப் புரியும். கொஞ்சம் மெதுவா மட்டும் பேசுங்க."

பெயர், பிறந்த திகதி, வந்த வருடம் எல்லாம் கேட்டார்கள். பிறகு அந்தப் பெண் கண்ணாடியைப் போட்டு, முன்னால் இருந்த தாளைப் பார்த்து, உங்கள் படுக்கையறைத் திரைச்சீலை என்ன நிறம் என்று கேட்டார்.

"பச்சை," என்றேன்.

அவர் எழுதவில்லை. பேனாவைத் தாளுக்கு மேலே பிடித்தபடி என்னைப் பார்த்தார். உங்கள் மனைவி அந்த அறையில் எத்தனை மாதமாக இருக்கிறார் என்று அடுத்த கேள்வி வந்தது. மொழிபெயர்ப்பாளர் அதை நிதானமாகத் தமிழில் சொல்லத் தொடங்கினார். அண்ணை கணக்குப் போட்டு வாங்கித் தந்த நேரம் அதுதான். பத்துச் செக்கன் இருக்கும்.

கிரிஜா எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியிருந்தால் நான் ஏழு மாதம் என்று சொல்ல வேண்டும். காப்பாற்றியிருக்காவிட்டால் இல்லை என்று சொல்ல வேண்டும். இரண்டில் எது என்று அவள் முகத்தில் இல்லை. அவள் பொய் சொல்லி, நான் உண்மை சொன்னால், என்னை அனுப்பிவிடுவார்கள், அவளுக்கு ஒன்றும் ஆகாது, அவளிடம் டச்சுக் கடவுச்சீட்டு இருக்கிறது. அவள் உண்மை சொல்லி, நான் பொய் சொன்னாலும் என்னை அனுப்பிவிடுவார்கள். ஆக, எந்த வழியில் பிழை விட்டாலும் பிளேன் ஒன்றுதான். ஆனால் இரண்டாவது கணக்கில் அவள் இதே கதிரையில் தனியே இருந்து உண்மையைச் சொல்லியிருப்பாள், நான் வந்து அவளைப் பொய்க்காரி ஆக்கியிருப்பேன். அதற்குப் பிறகு கொழும்பிலிருந்து எந்த முகத்தோடு அவளுக்கு ரெலிபோன் எடுப்பது? இதற்கு முன்பு என் வாழ்க்கையில் எதையும் நான் தீர்மானித்ததில்லை. எல்லாவற்றிலிருந்தும் விலகி மட்டும்தான் இருந்திருக்கிறேன். அந்தப் பத்துச் செக்கனில் நான் தீர்மானித்தது அதிகம் ஒன்றும் இல்லை. அவளோடு நிற்பது என்று மட்டும்.

"அவ அந்த அறைக்கு ஒருநாளும் வரேல்லை," என்றேன். "திரைச்சீலையைக் கண்டதும் இல்லை. அவ தாயோடை டூட்டிங்கிலை இருக்கிறா."

மொழிபெயர்ப்பாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "சார், நான் அப்படியே சொல்லிடவா?"

"அப்படியே சொல்லுங்கோ." பிறகு அவர் வாயைத் திறக்க முன்னரே நானே ஆங்கிலத்தில் சொன்னேன். படிவத்தில் இருக்கும் விலாசம் பிழை. அதில் கையெழுத்து வைத்தவன் நான். என் மனைவிக்கு அது தெரியாது. நம்பமாட்டீர்கள் என்று பயந்து அப்படி எழுதினோம். அவளுடைய தகப்பன் இறந்து ஒரு வருடம் ஆகும் வரை எங்களுக்குத் தாலி கட்டும் கலியாணம் இல்லை. அது வரைக்கும் ஒரே வீட்டில் இருக்க அவளுடைய தாய் விடமாட்டார்.

"சட்டப்படி நீங்கள் திருமணமானவர்கள்," என்றார் அந்தப் பெண்.

"உங்களுக்கு. என்னுடைய மாமியாருக்கு இல்லை. அவர் உங்களைவிடக் கண்டிப்பானவர்."

"அனுமதிக்காகத்தான் இந்தத் திருமணமா?"

"அவளைப் போய்ப் பார்த்தது அதற்காகத்தான்," என்றேன். மொழிபெயர்ப்பாளர் கண்ணை மூடிக்கொண்டார். "இப்போது காலை ஐந்தரைக்கு அவள் ரெலிபோன் எடுக்காவிட்டால் எனக்கு அன்றைக்கு நித்திரை வராது. போன கிழமை முழுக்க அவள் எடுக்கவில்லை. நான் ஏழு நாளாக நித்திரை கொள்ளவில்லை."

அந்தப் பெண் இப்போது எழுதினார். எழுதி முடித்துவிட்டு, வெளியே உங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த அம்மா யார் என்று கேட்டார். சொன்னேன். அவரை உள்ளே வரச்சொல்லலாமா என்றார். நான் தலையாட்டினேன்.

மாமி உள்ளே வந்து, காட்டிய கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்தார். உங்கள் மகளும் இவரும் சேர்ந்து வாழ்கிறார்களா என்று அந்தப் பெண் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் மரியாதையாகத்தான் தமிழில் சொன்னார். மாமிக்கு முகம் சிவந்தது.

"என்ன கேட்கிறா இந்த மனிசி? தாலி ஏறாமல் என்ரை பிள்ளை ஒரு ஆம்பிளையோடை குடித்தனம் நடத்துதோ எண்டோ? எங்களை என்ன குடும்பம் எண்டு நினைச்சவ? புருசன் செத்து ஆண்டு முடியேல்லை. நான் உயிரோடை இருக்கிறன். நான் இருக்கிற வீட்டிலை அப்பிடி நடக்குமோ எண்டு கேளும் தம்பி. அவவின்ரை பிள்ளையளை அவ அப்பிடியோ வளர்த்தவ எண்டும் கேளும்."

"அம்மா, கடைசில சொன்னதை நான் எப்படிங்க..."

"கேளும்!"

அவர் கேட்டார். வார்த்தைகளைக் கொஞ்சம் மழுக்கித்தான் கேட்டார். மாமியின் சுட்டுவிரல் மழுங்காமல் மேசையில் தட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றினார். தனக்கு இரண்டு மகள்கள் என்றும், அவர்கள் தன்னிடம் எதையும் கேட்டுச் செய்வதில்லை என்றும் சொன்னார். அதைத் தமிழில் கேட்ட மாமி முதன்முதலாக அவரை ஒரு மனுசியாகப் பார்த்தார். "பாவம்," என்றார். பிறகு கைப்பையைத் திறந்து ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். கணவரின் படம் போட்ட முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அழைப்பு, டிசம்பரில் திவசத்துக்குக் கோயில் ஐயர் எழுதிக்கொடுத்த நாள், தை மாதக் கலியாணத்துக்கு மண்டபம் எடுத்த ரசீதுத் துண்டு, அழைக்க வேண்டியவர்களின் பட்டியல். பட்டியலின் கடைசியில் கொஞ்சம் இடம் இருந்தது. "இவவின்ரை பேர் என்ன எண்டு கேட்டு எழுதும், தம்பி. வரச்சொல்லும். மரக்கறிச் சாப்பாடுதான் எண்டும் சொல்லிவிடும்."

யோகராஜா அண்ணை இன்றைக்கும் இந்த வழக்கைத் தன் வெற்றிகளில் ஒன்றாகவே சொல்லிக்கொள்கிறார். மொழிபெயர்ப்பாளருக்குப் புள்ளடி போட்டது தான்தானே என்கிறார். அதை நான் மறுப்பதில்லை.

மண்டபத்தில் மறுபடியும் மூன்று கதிரைகளில் இருந்தோம். மாமி நடுவில்தான். மதியம் தாண்டி அந்தப் பெண் தானே வெளியில் வந்தார். கையில் என்னுடைய இலங்கைக் கடவுச்சீட்டு விரித்தபடி இருந்தது. ஒருவர் ஐரோப்பியப் பிரஜையை உண்மையாகக் கட்டியிருந்தால், எந்த வீட்டில் இருக்கிறார் என்பது இந்த உரிமைக்குத் தடை இல்லை என்றார். இனிமேல் படிவங்களை நீங்களே நிரப்புங்கள் என்றும் சொன்னார். ஐந்து வருடம். முத்திரையின் மை இன்னும் காயவில்லை, மூடாமல் கொண்டுபோங்கள் என்று என் கையில் தந்தார். கிரிஜாவுக்குக் கை கொடுத்தார். மாமிக்குக் கை கொடுக்கப் போய், நிறுத்தி, இரண்டு கையையும் கூப்பினார்.

வாசலுக்கு வந்ததும் கிரிஜாவிடம் கேட்டேன். "நீர் என்ன சொன்னனீர்?"

"போன உடனேயே சொல்லிப்போட்டன். ஃபோம் பிழை எண்டு."

"எனக்குச் சரி எண்டு சொன்னனீர்."

"ஓம். அதையும் சொன்னன். பொய் சொல்லுறன் எண்டு அவருக்கு வாக்குக் குடுத்தனான், ஏலாமல் கிடக்கு எண்டு. இன்னொண்டும் சொன்னன். இப்ப என்ரை மனிசன் உள்ளை வந்து திரைச்சீலை பச்சை எண்டு பாடமாக்கினதெல்லாம் சொல்லுவார், நம்பாதையுங்கோ, பயத்திலை சொல்லுறார், ஆள் நல்லவர் எண்டு."

"அதுதான் அந்த மனிசி அப்பிடிப் பார்த்தது."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

சொன்னேன். கிரிஜா நடைபாதையில் அப்படியே நின்றுவிட்டாள். அவள் ஆச்சரியப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு சிரிக்கத் தொடங்கினாள். வாயைப் பொத்தாமல், தலையைப் பின்னுக்கு எறிந்து, லொறிச் சாரதிகளுக்குக் கேட்கிற மாதிரி. போகிற வருகிற ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன பச்சை? எந்தத் திரைச்சீலை?" என்றார் மாமி. "என்ன கதைக்கிறியள் ரெண்டு பேரும்?"

"ஒண்டுமில்லை, மாமி."

"ஒண்டுமில்லாததுக்கோ ரோட்டிலை நிண்டு இப்பிடிச் சிரிக்கிறாள்? நடவுங்கோ, ரெயினுக்கு நேரமாகுது."

நிலையத்துக்குப் பத்து நிமிட நடை. குறொய்டனில் உயரமான கட்டடங்களுக்கு இடையே எப்போதும் வீசுகிற காற்று முகத்தில் அடித்தது. கடவுச்சீட்டின் தாள்கள் படபடத்து மையில் ஒட்டப் பார்த்தன. ஒரு மட்டையை நான் பிடித்தேன். மற்ற மட்டையைக் கிரிஜா பிடித்தாள். இரண்டு பேரும் ஒரே கோட்டில், ஒரே வேகத்தில் நடக்க வேண்டியிருந்தது. ஒருவர் முந்தினால் தாள் மடியும். கடை வாசல்களில் நெரிசல். மாமி எங்களுக்கு முன்னால் போய், பிளாஸ்க்கை ஆட்டி ஆட்டி, வெள்ளைக்காரர் கறுப்பர் என்று பாராமல் எல்லோரையும் தமிழிலேயே விலத்தினார். "விலத்துங்கோ. கொஞ்சம் விலத்துங்கோ. ஈரம், ஈரம்." ஆட்களும் விலகினார்கள்.

நிலையம் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் முதல் துளி என் மணிக்கட்டில் விழுந்தது. நான் மட்டையை மூடப் போனேன். கிரிஜா விடவில்லை. மாமி அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். ஏதோ சொல்லித் திட்டினார். கைப்பையின் அடியிலிருந்து ஒரு மடக்குக் குடையை இழுத்து விரித்தார். எங்களுக்கு முன்னால் வந்து நின்று, பின்பக்கமாக நடந்தபடி, கையை நீட்டி அந்தக் குடையைக் கடவுச்சீட்டுக்கு மேலே பிடித்தார். மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. எங்கள் மூன்று பேரின் தலையிலிருந்தும் தண்ணீர் வழிந்தது. குடைக்குக் கீழே அந்த ஒற்றைப் பக்கம் மட்டும் விரிந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்துகொண்டு வந்தது.